பிடியில் அறுந்தவை

மார்ச் 4, செவ்வாய். நாள் 37.

இன்று யாரையும் அடிக்கவில்லை. அடிக்க வேண்டியவர்கள் மூன்று பேர் இருந்தார்கள். பேருந்தில் என் காலை மிதித்துவிட்டு என்னையே முறைத்தவன், கேன்டீனில் ஆறிப்போன டீயைக் கொடுத்துவிட்டு இளித்தவன், எங்கள் மேலாளர். மூவரும் முழுப் பல்லோடு வீட்டுக்குப் போயிருக்கிறார்கள்.

இந்த நோட்டு என் மனைவி வாங்கிக் கொடுத்தது. ஜனவரியில் தண்ணீர்க் குழாய்ச் சண்டையில் கீழ்வீட்டுக்காரரின் முன்பல் இரண்டை உடைத்தேன். போலீஸ் வரை போய், அவரிடம் கெஞ்சிக் கூத்தாடிச் சமாதானம் ஆன மறுநாள் இதை மேசையில் வைத்தாள். "தினமும் எழுதுங்க. யாரையும் அடிக்காத நாளுக்கு நம்பர் போடுங்க. நூறு வரணும். நடுவுல எவன் மேலயாவது கை வெச்சீங்கன்னா, பாப்பாவைக் கூட்டிக்கிட்டு எங்க அண்ணன் வீட்டுக்குப் போயிடுவேன். அப்புறம் வந்து கூப்பிடாதீங்க." சத்தம் போடாமல் சொன்னாள். பதினைந்து வருஷத்தில் அவள் சத்தம் போடாமல் மிரட்டியது அன்றுதான். அதனால் பயம் வந்தது.

நாளெல்லாம் நூலை இழுத்து அறுப்பதற்குச் சம்பளம் வாங்குகிறவன் நான். பாலியஸ்டர் ஆலையின் சோதனைக்கூடம். ஒரு துண்டு நூலை மேலே ஒன்று, கீழே ஒன்று என்று இரண்டு இரும்புப் பிடிகளில் கவ்வக் கொடுத்துப் பொத்தானை அழுத்தினால் மெஷின் இழுக்கும். நூல் விறைக்கும், நீளும், படார். எத்தனை கிலோவில் அறுந்தது, அறுவதற்குமுன் எவ்வளவு நீண்டது என்று இரண்டு எண். எழுது. அடுத்தது. ஒரு நாளைக்கு நானூறு படார். இதைச் செய்துவிட்டு வீட்டுக்கு வந்து பூனை மாதிரி உட்கார் என்றால்?

உட்கார்ந்திருக்கிறேன். முப்பத்தேழு.

மார்ச் 5, புதன். நாள் 38.

குளியலறைக் கதவை உதைத்தேன். உள்ளே பாப்பா அரைமணி நேரமாக. தாழ்ப்பாள் பெயர்ந்துவிட்டது. கதவு ஆளில்லை, கணக்கில் வராது.

மார்ச் 9, ஞாயிறு. நாள் 42.

மச்சான் மதியம் சாப்பிட வந்தார். மனைவியின் அண்ணன். எங்கள் ஆலையிலேயே நூற்புத் தளம் அவர் பொறுப்பு. அவர் நூற்கிறார், நான் அறுக்கிறேன். தளத்தில் அவருக்குப் 'புயல்' என்று பெயர். திட்டினால் நான்கு மெஷின் தள்ளிக் கேட்கும். கையும் ஓங்குவார்தான், ஆனால் அவருக்கு யாரும் நோட்டு வாங்கிக் கொடுக்கவில்லை.

"வேகத்த ஏத்தச் சொல்லிட்டாங்க மாப்ள. நிமிஷத்துக்கு ரெண்டாயிரத்து எண்ணூறு மீட்டர் ஓடுனது, இப்ப மூவாயிரத்து முன்னூறு."

"நீட்சி போயிடுமே மச்சான்."

"பலம் கூடும்ல?"

கூடும். உருகிய பாலியஸ்டர் துளைத்தட்டின் வழியே தேன்போல இறங்குகிறது. குளிர்காற்று பட்டு இறுகுகிறது. கீழே உருளைகள் பிடித்து இழுக்கின்றன. மெதுவாக இழுத்தால் உள்ளுக்குள் கொஞ்சம் தளர்வு மிச்சமிருக்கும். வேகமாக இழுத்தால் வாரிச் சீவிய தலைமுடி மாதிரி எல்லாம் ஒரே பக்கமாக நிற்கும். நூல் பலமாகத்தான் இருக்கும். ஆனால் நூற்றுக்குப் பதினான்கு நீண்டது ஒன்பதுதான் நீளும். குளிர்காற்றும் ஒரே சீராக வராவிட்டால் சில இழை அதிகமாக இழுபட்டிருக்கும், சில இழை சொங்கியாக இருக்கும். எங்கள் நூல் போவது சட்டைத்துணிக்கு இல்லை, பாரம் தூக்கும் பட்டைக்கு. பட்டைக்கு விட்டுக்கொடுக்கத் தெரிய வேண்டும்.

"பலமாதான் இருக்கும் மச்சான். ஆனா சொல்லாம கொள்ளாம அறும்."

பரிமாறிக்கொண்டிருந்த என் மனைவி சிரித்துவிட்டாள். "ரெண்டு பேரும் நூலப் பத்திப் பேசுறீங்களா, உங்களப் பத்திப் பேசுறீங்களா?"

மச்சான் விழுந்து விழுந்து சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. அவர் போன பிறகும் வரவில்லை.

மார்ச் 15, சனி. நாள் 48.

மச்சான் சோதனைக்கூடத்துக்கு வந்தார். குப்பைத்தொட்டியைக் கிளறிப் பார்க்கிறார்! அறுந்த துண்டுகளை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தார். ஒரு துண்டு நீளமாக, இன்னொன்று நகக்கண் அளவு.

"என்ன மாப்ள, எல்லாம் பிடிகிட்டயே அறுந்திருக்கு?"

இதற்கு விதி இருக்கிறது. நூல் நடுவில் அறுந்தால்தான் அது நூலின் குணம். பிடியை ஒட்டி அரைவிரல்கடைக்குள் அறுந்தால் அது பிடியின் குற்றம். பல்லோ ரப்பரோ நூலைக் கடித்திருக்கும். அதைத் தள்ளிவிட்டு இன்னொரு துண்டை இழுக்க வேண்டும். இருபது நல்ல எண் கிடைக்கும்வரை இழு, இருபதின் சராசரியை எழுது. பத்தொன்பது வருஷமாக இப்படித்தான் செய்கிறேன்.

"பிடியில அறுந்தது கணக்கில்ல மச்சான்."

"அது தெரியும். இவ்ளோ அறுகுதே, நம்ம நூலு சரியில்லையோன்னுதான்..."

"என் மெஷினப் பத்தி எனக்குத் தெரியும். போங்க."

அவர் போகவில்லை. இன்னொரு துண்டை எடுத்தார். நெஞ்சில் கைவைத்துத் தள்ளினேன். கதவில் முதுகு மோதியது. என்னைப் பார்த்துவிட்டுப் போனார். தள்ளியதுதான். அடிக்கவில்லை.

மார்ச் 17, திங்கள். நாள் 50.

பிடிகளுக்குப் புது ரப்பர் போட்டேன். அப்படியும் பிடியில்தான் அறுகிறது. புது ரப்பர் பழக வேண்டும். நல்ல எண்கள் அருமை! எல்லாம் ஒன்பது கிலோவுக்கு மேல். மச்சான் போன் செய்து மறுபடியும் அதையே கேட்டார். வைத்துவிட்டேன்.

பாதி வழி வந்தாயிற்று என்று அவளிடம் சொன்னேன். அவள் நாள்காட்டியைப் பார்த்தாள். இன்னும் கொஞ்சம் சந்தோஷப்பட்டிருக்கலாம்.

மார்ச் 22, சனி. நாள் 55.

பாப்பாவின் பள்ளியிலிருந்து கடிதம். கூடப் படிக்கிற பெண்ணைக் கன்னத்தில் அறைந்திருக்கிறாள். என்னைக் கேட்காமல் மனைவியே கையெழுத்துப் போட்டு அனுப்பிவிட்டாள். ஏன் சொல்லவில்லை என்று கேட்டால் அடுப்படிக்குத் திரும்பிக்கொள்கிறாள். பேசிக்கொண்டிருக்கும்போது முதுகைக் காட்டினால்? மணிக்கட்டைப் பிடித்துத் திருப்பினேன். விடுங்க என்றாள். விடவில்லை. பதில் சொல் என்றேன். கண்ணில் தண்ணீர் வந்ததும் விட்டேன். நான்கு விரலும் சிவப்பாகப் பதிந்திருந்தது.

"இத எழுதுவீங்களா?"

"எத?"

கையைக் குழாய்த் தண்ணீரில் காட்டிக்கொண்டு நின்றாள். பிடித்தேன், அவ்வளவுதான். அவள் இழுத்ததால்தான் சிவந்தது.

மார்ச் 28, வெள்ளி. நாள் 61.

கேன்டீன்காரனின் சட்டையைப் பிடித்தேன். சட்டையை மட்டும்.

ஏப்ரல் 3, வியாழன். நாள் 67.

தளத்தில் ரத்தம். ஓடுகிற நூல் ஒரு ஆபரேட்டரின் விரலில் சுற்றிவிட்டது. நிமிஷத்துக்கு மூவாயிரத்து முன்னூறு மீட்டர் வேகத்தில் நூல் நூலில்லை, கத்தி. எலும்பு தெரிந்தது. மச்சான் ஓடிவந்து வெட்டுக்கருவியால் நூலைத் துண்டித்தார். ரத்தத்தைக் கட்டினார். கட்டி முடித்த கையோடு அந்த ஆளைப் பளாரென்று அறைந்தார். "வெறுங்கைய விடுவியாடா? விடுவியா?" சொல்லும்போது அவர் குரல் உடைந்தது. நான் கைகட்டி நின்று பார்த்தேன். பெருமையாக இருந்தது. எனக்கு அறுபத்தேழு, அவருக்கு ஒன்றுமில்லை.

போகும்போது கேட்டார். "பிடியில அறுகுறது நின்னுச்சா மாப்ள? எண்ணு நல்லாருக்குன்னு நீ சொன்னாத்தான் வேகத்த இப்படியே விடுவேன்."

"எண்ணு நல்லாருக்கு."

வீட்டில் குழம்பில் உப்பில்லை. தட்டைச் சுவரில் எறிந்தேன். யார்மீதும் படவில்லை.

ஏப்ரல் 8, செவ்வாய். நாள் 72.

ஃபிட்டர். நெட்டை. ஐயோ.

ஆலையில் என்னைக் கிண்டல் செய்துவிட்டு முழுசாகப் போகிற ஒரே ஆள் அவன்தான். "என்னா லேப்பு, இன்னிக்கி எத்தன பேரு கழுத்த அறுத்த?" இன்று காலையில்கூடக் கேட்டான்.

பதினொரு மணிக்குப் பழைய கியர் பெட்டியைக் கழற்றித் தூக்கினார்கள். எண்ணூறு கிலோ. தூக்கிய பட்டை புதுசு. எங்கள் நூலில் பக்கத்து ஷெட்டில் நெய்தது. ஆளுயரத்துக்குத் தூக்கியாயிற்று. நெட்டை அடியில் கட்டை வைக்கக் குனிந்தான். பட்டை அறுவதாக இருந்தால் முதலில் முனகும், தொய்யும், விலகிக்கொள்ள ஒரு மூச்சு நேரம் கொடுக்கும். இது கொடுக்கவில்லை. படார். சோதனைக்கூடத்தில் உட்கார்ந்திருந்த எனக்கே கேட்டது. அந்தச் சத்தத்தை எனக்குத் தெரியாதா? தினமும் நானூறு தடவை கேட்கிறேன். இது அதையெல்லாம் சேர்த்து ஒரே தடவையாகக் கேட்டது.

அறுந்த முனை அவன் முகத்தைக் கிழித்திருந்தது. இடதுகால் பெட்டிக்குக் கீழே. கத்தவில்லை. வாய் திறந்தபடி இருந்தது, சத்தம் வரவில்லை. ஆறு பேர் கடப்பாரை போட்டுப் பெட்டியை நெம்பினோம். காலணியைப் பிடித்து இழுத்தபோது காலணி மட்டும் தனியாக வரவில்லை. இதற்கு மேல் எழுத முடியாது.

ஏப்ரல் 9, புதன். நாள் 73.

முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

மேலாளர் என் பதிவேட்டை வாங்கிப் பார்த்தார். அந்தப் பட்டைக்குப் போன நூல், மார்ச் மாதம். பலம் ஒன்பது கிலோ, ஒன்பது கிலோ, ஒன்பதரை. நீட்சி கொஞ்சம் குறைவு, ஆனாலும் எல்லைக்குள். "லேப்ல தப்பில்ல" என்றார்.

அப்படியென்றால் யாரிடம் தப்பு? நூல் சுற்றிய நல்ல பாபினை என்னிடம் அனுப்பிவிட்டு மட்டமான பாபினை வெளியே அனுப்பியவன் யார்? எதற்காக என் குப்பைத்தொட்டியைக் கிளறினான்? எதற்காக மூன்று தடவை வந்து வந்து கேட்டான்? செய்தவனுக்குத்தானே உறுத்தும்?

நெட்டைக்கு இரண்டு பெண்கள்.

ஏப்ரல் 10, வியாழன்.

நாள் 74ன்னு காலையிலயே எழுதி வெச்சிருந்தேன். அதக் கிழிச்சுட்டேன்.

பாபின் கிடங்குக்குப் பின்னால தனியா உக்காந்திருந்தான். தலைய ரெண்டு கையிலயும் தாங்கிக்கிட்டு. எந்த பாபின எனக்கு அனுப்புனன்னு கேட்டேன். "சோதனைக்கு எடுத்தது உன் லேப் ஆளு மாப்ள, நான் தொடவே இல்ல"ன்னான். முதல் அடி அப்பவே விழுந்துடுச்சு. எழுபத்து மூணு நாளும் சேர்ந்து விழுந்துச்சு. கீழ தள்ளி நெஞ்சு மேல முழங்கால வெச்சேன். மூக்கு நசுங்குறது கைக்குத் தெரிஞ்சுது. கை வலிச்சுது. அதனால பக்கத்துல கிடந்த வெத்து பாபின் குழாய எடுத்தேன். எத்தன தடவைன்னு தெரியல. எனக்கு எண்ணத் தெரியும், நான் எண்ணுறவன்தான். ஆனா எண்ணல.

அவன் திருப்பி அடிக்கல. புயலு! தளமே நடுங்குற ஆளு. முகத்துக்கு முன்னால ரெண்டு கையையும் வெச்சுக்கிட்டுக் கிடந்தான். கைய விலக்கிட்டு அடிச்சேன். இடது கண்ணுல பட்டுச்சு. அப்பத்தான் கத்துனான். "மூணு தடவ கேட்டேன்டா... பிடியில ஏன்டா அறுகுதுன்னு..."

ஆட்கள் வந்து இழுத்தார்கள்.

ஏப்ரல் 11, வெள்ளி.

போய்விட்டாள். இரண்டு பை. பாப்பா வாசலில் நின்று செருப்பு மாட்டும்போது என்னைப் பார்த்தாள். அழவில்லை. என் கைமுட்டியைத்தான் பார்த்தாள். தோல் உரிந்திருந்தது.

மனைவி ஒரே ஒரு வார்த்தை கேட்டாள். "நிம்மதியா?"

அவர்கள் தெருமுனை திரும்பியதும் கண்ணாடியைக் குத்தினேன்.

ஏப்ரல் 15, செவ்வாய்.

மச்சானுக்கு இடது கண்ணில் இனிப் பார்வை வராதாம். எண்ணெய்த் தரையில் வழுக்கி விழுந்ததாக மேலாளரிடம் சொல்லியிருக்கிறார். இழுத்துப் பிடித்தவர்களையும் அப்படியே சொல்ல வைத்திருக்கிறார். தங்கை புருஷன் ஜெயிலுக்குப் போகக்கூடாதாம். இதைக் கேட்டபோது அவமானத்தில் இன்னொரு முறை அவரை அடிக்க வேண்டும்போல இருந்தது. எப்படிப்பட்டவன் நான்?

சரி, அவர் ஏமாற்றியதை நிரூபித்துக் காட்டுகிறேன் என்று கிளம்பினேன். அறுந்த பட்டைக்குப் போன நூலில் ஒரு பாபின் என் அலமாரியில் இருப்பு இருந்தது. என் ஆள் எடுத்தது. என் முத்திரை. யாரும் மாற்றியிருக்க முடியாது. மெஷினில் போட்டேன். படார், பிடியில். படார், பிடியில். படார், நடுவில், ஒன்பது கிலோ. எழுதினேன். படார், பிடியில்.

இருபது நல்ல எண் கிடைக்க நாற்பத்தாறு துண்டு இழுக்க வேண்டியிருந்தது.

தள்ளிய இருபத்தாறையும் முதல்முறையாக உட்கார்ந்து பார்த்தேன். ஐந்தரை கிலோ. ஆறு. ஐந்து எண்பது. ஒன்றுகூட ஏழைத் தொடவில்லை.

ரப்பரில் குற்றமில்லை. பழைய, மெதுவாக ஓடிய நூலை அதே பிடியில் போட்டேன். இருபதில் ஒன்றுதான் பிடியில் அறுந்தது. நீட்சி உள்ள நூல் பிடி நெருக்கினால் கொஞ்சம் கொடுத்துத் தப்பித்துக்கொள்ளும். நீட்சி இல்லாதது நெருக்கிய இடத்திலேயே போய்விடும். பட்டையும் கொக்கி நெருக்கிய இடத்தில்தான் அறுந்தது. பிடியில் அறுந்ததுதான் அந்த நூல் சொன்ன சேதி. நான் சேதியைத் தொட்டியில் போட்டுவிட்டு, செத்துப்போகாமல் மிஞ்சியதை மட்டும் சராசரி எடுத்திருக்கிறேன்.

மச்சான் என்னைக் கேட்டுத்தான் வேகத்தை வைத்திருந்தார். எண்ணு நல்லாருக்கு என்றேன்.

ஏப்ரல் 16, புதன்.

மெஷின் அச்சடித்துத் தள்ளிய மார்ச் மாதத்துச் சுருள் முழுவதையும் பிரித்துப் பார்த்தேன். எல்லா நாளும் அப்படித்தான்.

மேலாளரிடம் எழுதிக் கொடுத்தேன். அந்த நூலில் நெய்த பட்டை அத்தனையையும் திரும்ப எடுக்க வேண்டும், வேகத்தைக் குறைக்க வேண்டும், குளிர்காற்று வலையைக் கழற்றிப் பார்க்க வேண்டும். "விதிப்படிதான செஞ்சே? ஏன்யா வாயக் குடுத்து மாட்டிக்கிற?" என்றார். காகிதத்தை மடித்து இழுப்பறையில் போடப் போனார். என் கை மேசைக்கு மேலே வந்துவிட்டது. தொடைக்குக் கீழே வைத்து அதன்மேல் உட்கார்ந்துகொண்டேன். இன்னொரு பிரதியைப் பட்டை நெய்கிற ஷெட்டுக்கும் அனுப்பிவிட்டேன் என்று சொன்னேன். முகம் வெளுத்துவிட்டது அவருக்கு.

ஏப்ரல் 18, வெள்ளி.

இந்த நோட்டை முதலிலிருந்து படித்தேன்.

கதவு ஆளில்லை. தள்ளியதுதான். பிடித்தேன், அவ்வளவுதான். சட்டையை மட்டும். யார்மீதும் படவில்லை.

முதல் நாளிலிருந்து மறுபடி எண்ண ஆரம்பித்தேன்.

ஏப்ரல் 21, திங்கள்.

ஆஸ்பத்திரி. இருவரும் ஒரே மாடி.

நெட்டையிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கடைசிவரை கேட்டான். பிறகு பக்கத்தில் இருந்த எவர்சில்வர் செம்பை எடுத்து என் முகத்தில் வீசினான். புருவம் கிழிந்தது. "இன்னும் கிட்ட வாடா. கிட்ட வா, எனக்கு எட்டல" என்று கத்தினான். கிட்டப் போனேன். அவன் மனைவி நடுவில் விழுந்து தடுத்துவிட்டாள்.

மச்சானுக்குக் கண்ணில் கட்டு. மூக்கு வேறு யாருடைய மூக்கோ மாதிரி இருந்தது. இருபத்தாறு, ஐந்தரை கிலோ, கொக்கி என்று சொல்லிக்கொண்டே போனேன். மன்னிப்பு என்ற சொல் வாய்க்குள்ளேயே சுற்றியது.

"வேகத்தக் கொறச்சாச்சா?"

"கொறச்சாச்சு. ரெண்டாயிரத்து எண்ணூறு. காத்து வலையில ஒரு பக்கம் பூரா அடைப்பு. பட்டை எல்லாம் திரும்ப வருது."

"சரி. கெளம்புங்க."

மாப்ள என்று சொல்லவில்லை. முதல் தடவையாக 'ங்க' போட்டுப் பேசினார்.

மே 6, செவ்வாய்.

விசாரணை முடியும்வரை மெஷினைத் தொடக்கூடாது. பதிவேடு மட்டும் எழுதுகிறேன். பதிவேட்டில் புதிதாக ஒரு கட்டம் கோடு போட்டிருக்கிறேன், பிடியில் அறுந்தவைக்கு. இன்று இருபதுக்கு இரண்டு.

மாலையில் அவள் வந்தாள், பாப்பாவின் புத்தகங்களை எடுக்க. அரைக்கை ரவிக்கை. மணிக்கட்டில் ஒன்றும் இல்லை, நான் பார்த்தேன். புத்தகங்களை அடுக்கி முடித்ததும் நோட்டை நீட்டினேன். தள்ளியதை எல்லாம் சேர்த்து மறுபடி எண்ணியிருந்தேன். கடைசிப் பக்கத்தில் எழுதியிருந்தேன்: அந்த எழுபத்து மூன்று நாளில் யாரையும், எதையும் அடிக்காமல், பிடிக்காமல், தள்ளாமல், உடைக்காமல் நான் தொடர்ந்து இருந்தது அதிகபட்சம் ஒன்பது நாள்.

நின்றபடியே படித்தாள். பக்கம் பக்கமாக, அவசரப்படாமல். மேசையிலிருந்து பேனாவை எடுத்தாள். ஒன்பதின்மேல் ஒரு கோடு போட்டுப் பக்கத்தில் நான்கு என்று எழுதினாள். நோட்டை மூடி வைத்தாள்.

எது எது என்று நான் கேட்கவில்லை. எனக்கே தெரிந்திருக்க வேண்டும்.

பையைத் தூக்கிக்கொண்டு கதவுக்குப் போனாள். இருக்கச் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். வாய்க்கு முன்னால் கை போனது, அவள் மணிக்கட்டை நோக்கி. ஒரு சாண் இருக்கும்போது நிறுத்திவிட்டேன். தொடவில்லை. ஆனால் அவள் பார்த்துவிட்டாள். பையை மார்போடு அணைத்துக்கொண்டு சுவரோரமாக ஒதுங்கிப் போனாள்.

தொடவில்லைதான். இதையும் சேர்த்திருக்கிறேன்.